வீட்டு ஆட்கள் நீங்கலாக

சென்னியப்பன் வீட்டுக்குள் மெக்கானிக் என்று ஒருவர் காலடி வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கடைசியாக வந்த புண்ணியவான் வாஷிங் மெஷினைப் பார்க்க வந்தவர். அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, "நீங்க டீ குடிங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டார் சென்னியப்பன். அன்றிலிருந்து அந்த மெஷின் துணி பிழியும்போதெல்லாம் மெல்ல நகர்ந்து சமையலறை வாசல் வரைக்கும் வந்து நிற்கும். வந்தால் வரட்டும், எனக்கும் பேச்சுத் துணை வேண்டாமா என்பாள் அவர் மனைவி சாந்தாமணி.

மனுஷனுக்கு வேலை தெரியாது என்று சொல்லிவிட முடியாது. திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் ஆலையில் முப்பது வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கோவை வடவள்ளியில் ஒரு வீடு வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் வீட்டுக் குளங்களுக்குக் கடிவாளம் போட்டிருந்தது: ஒரு தடவை நிரப்பினால் மூன்று வருடத்துக்கு அதே தண்ணீர்தான். பாதிப் பேர் குளத்தில் மண்ணைக் கொட்டி வாழை வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு, தண்ணீரைத் தானாகவே சுத்தம் செய்துகொள்ளும் சாதனங்களைப் பொருத்திக்கொண்டார்கள். சென்னியப்பன் இரண்டையும் செய்யவில்லை. சாயத் தண்ணியையே நல்ல தண்ணி ஆக்கினவனுக்கு இந்தத் தொட்டி எம்மாத்திரம் என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

முதலில் பம்பு. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சீல் உண்டு, அதுதான் தண்ணீர் ஒழுகாமல் காக்கும். மூன்று தடவை புது சீல் போட்டார், மூன்று தடவையும் ஒழுகியது. நாலாவது தடவை, போனால் போகிறதென்று பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தார். அத்தனை நாளும் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். படத்தை இவ்வளவு சின்னதாகப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று அச்சடித்தவனை ஒரு பாட்டம் திட்டிவிட்டு வேலையை முடித்தார். அடுத்தது குளோரின். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸைச் சொட்டுச் சொட்டாக விடுவார்களே, அந்த மெஷின் ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்துக்கொண்டு வந்து குளோரின் கேனில் செருகினார். அது ஒழுங்காகவே வேலை செய்தது. குளோரினுக்கு ஒரு நோயாளி கிடைத்துவிட்டான் என்றாள் சாந்தாமணி.

எப்போது எவ்வளவு சொட்ட வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? அதற்காகத்தான் நாக்கு என்று அவர் பெயர் வைத்த கருவி வந்தது. உள்ளங்கை அகல வெள்ளித் தகடு. மூடிப்போன ஒரு சாய ஆலையின் கழிவுச் சாமான்களோடு அதே கடைக்கு வந்ததை அடையாளம் கண்டு தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுக்கு ருசி தெரியும் சாந்தா" என்று மனைவிக்கு விளக்கினார். "நாப்பதாயிரம் சரக்கைப் பிரிச்சுச் சொல்லும். ஒரு அண்டாத் தண்ணியில ஒரு உப்புக்கல்லு போட்டாலும் கண்டுபிடிச்சிரும். அந்தக் காலத்துல எந்தப் பட்டறைக்காரன் திருட்டுத்தனமா சாயத்தைத் திறந்து விட்டான்னு இதுதான் காட்டிக் கொடுக்கும்."

"நம்ம தொட்டியில யாருங்க சாயம் விடப் போறாங்க?"

"சாயம் இல்லைன்னா வேர்வை. ஒவ்வொரு ஆளு வேர்வையும் ஒவ்வொரு தினுசு. யாரு இறங்கினாங்க, என்ன விட்டுட்டுப் போனாங்கன்னு இது புட்டுப் புட்டு வைக்கும்."

அதற்கு ஒரு மூளையை இணைத்து, ஒரு ஸ்பீக்கரையும் மாட்டி, பேசவும் வைத்துவிட்டார். பேச்சில் ஒவ்வொரு வரிக்கும் 'ங்க' போட வேண்டும் என்பது அவர் போட்ட முதல் உத்தரவு. சொந்த வீட்டில் ஒரு தகடு தன்னை மரியாதை இல்லாமல் பேசுவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

நாக்கின் அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சாந்தாமணியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். குழந்தைகள் குளத்துக்குள் ஒன்றுக்குப் போய்விடுமே என்று தம்பி மனைவி கவலைப்பட, சென்னியப்பன் கரையில் நின்று பெருமையாக அறிவித்தார்: யார் போனாலும் நாக்கு பெயரைச் சொல்லிவிடும், தப்பிக்க முடியாது. குழந்தைகள் பயந்துபோய் ஓடி ஓடிக் கழிவறைக்குப் போய் வந்தன. எல்லோரும் இறங்கி ஆடி அரைமணி நேரம் ஆனதும் ஸ்பீக்கர் கனைத்தது.

"குளத்துல சிறுநீர் கலந்திருக்குதுங்க. கலந்தது சென்னியப்பன் அய்யாவுங்க."

மச்சானுக்கு அன்று பொங்கிய சிரிப்பு மூன்று நாளைக்குத் தாங்கியிருக்கும். சென்னியப்பன் ஈர வேட்டியோடு நேராகப் பம்பு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாக்குக்குப் புதிதாக ஓர் உத்தரவு எழுதினார்: சென்னியப்பன், சாந்தாமணி, மிருதுளா, இந்த மூன்று பேரும் வீட்டு ஆட்கள். வீட்டு ஆட்கள் சுத்தம். இவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். உத்தரவை ஏற்றுக்கொண்டதாக நாக்கு மரியாதையாகச் சொன்னது. அதோடு அந்த விஷயத்தை மறந்தும் போனார்.

மிருதுளா அவருடைய ஒரே மகள். வயது இருபத்தெட்டு, வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போடும் வேலை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் தவறாமல் நீந்துவாள். அப்பா சுத்தம் பண்ணிய தண்ணீர் என்பதால்தான் பெண்ணுக்கு இத்தனை ஆசை என்று சென்னியப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு ஜாதகத்தை வேண்டாம் என்று தள்ளியவள், பன்னிரண்டாவதாக வந்த சஞ்சித்துக்குச் சரி என்று தலையாட்டினாள். கோபிசெட்டிபாளையத்துப் பையன், கால்நடை மருத்துவர். இரண்டு மாதமாகப் போனில் பேசிக்கொள்கிறார்கள். பேசிவிட்டு வரும்போது மகள் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தைச் சாந்தாமணி வருடக்கணக்கில் பார்த்ததில்லை. இந்தக் கல்யாணம் நின்றால் இன்னொன்றுக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று மிருதுளா அம்மாவிடமும் அப்பாவிடமும் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்தியதும் அடுத்த வேலை விசாரிப்பது. பையன் முடி வெட்டுகிற கடை, படித்த காலேஜ், எதிர் வீட்டுக்காரர், தூரத்துச் சொந்தம் என்று ஓர் இடம் விடாமல், விசாரிப்பதே தெரியாமல் விசாரிப்பார்கள். பெண் வீட்டார் பையனை விசாரிப்பார்கள், பையன் வீட்டார் பெண்ணை விசாரிப்பார்கள். தங்கள் வீட்டை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை, அது வழக்கமில்லை. சென்னியப்பன் கோபிக்கு நாலு நடை போய் விசாரித்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. குறையே இல்லாத பையனா என்பதே அவருக்குப் பெருங்குறையாகிவிட்டது. கையில் நாக்கை வைத்துக்கொண்டு முடி வெட்டுகிறவரைப் போய்க் கேட்பானேன் என்று ஒருநாள் தோன்றிவிட்டது.

கல்யாணம் ஆவணியில் என்று பேசியிருந்தார்கள். அதற்கு முன்னால் தட்டு மாற்றிக்கொள்ளத் தேதி குறிப்பதற்காக மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பங்குனி வெயில். காப்பி குடித்து முடித்ததுதான் தாமதம், மாப்பிள்ளை குளத்தில் ஒரு முழுக்குப் போட்டே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார் சென்னியப்பன். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புது அரைக்கால் சட்டையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். பையனின் அம்மா ரேணுகாதேவி அந்தத் தாம்பாளத்தையும் சென்னியப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் மிருதுளா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். சஞ்சித் சாது. சினை மாட்டிடம் உதை வாங்கிப் பழகியவர் என்பதால் மாமனாரின் அன்பும் இப்படி ஏதோ ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார். இரண்டு சுற்று நீந்திவிட்டு, தண்ணி ரொம்ப நல்லா இருக்குதுங்க மாமா என்று பாராட்டிவிட்டுத் தலை துவட்டிக்கொண்டார்.

அவர்கள் கார் தெரு முனையைத் தாண்டியதும் சென்னியப்பன் பம்பு அறைக்கு ஓடினார். மற்ற நாட்களில் குளோரினையும் காரத்தன்மையையும் மட்டும் கேட்டுக்கொள்பவர், அன்றைக்கென்று நாக்கின் முழுப் பட்டியலையும் திறந்து வைத்திருந்தார்.

நாக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. புதிதாக இறங்கியவர் ஒருவர். புகையிலை இல்லை. சாராயம் இல்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பதாகத் தெரியவில்லை. மாட்டு மருந்து வாசம் கொஞ்சம் உண்டு, அது தொழில். சென்னியப்பனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. அப்புறம்தான் அது வந்தது.

"தண்ணியில மனச்சோர்வு மாத்திரையோட சுவடு இருக்குதுங்க. இன்னிக்கு நேத்து சாப்பிட்டதில்லீங்க, ரொம்ப நாளா தினமும் சாப்பிடறதுங்க. வந்த விருந்தாளியாத்தான் இருக்கணுமுங்க."

சென்னியப்பன் அங்கே கிடந்த குளோரின் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த அகராதியில் மனசுக்கு மாத்திரை என்றால் ஒரே அர்த்தம்தான், அதை அவர் வாயால் சொல்லக்கூடத் தயங்குவார். நம் பெண்ணை இப்படி ஒருத்தனிடம் கொடுக்கப் பார்த்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். கூடவே, நாலு நடை விசாரித்தும் கிடைக்காததைத் தன் தகடு பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டதே என்ற பெருமையும் எட்டிப் பார்த்தது. அதை நினைத்து அப்புறம் அவரே வெட்கப்பட்டார் என்று கேள்வி.

மறுநாள் காலை சஞ்சித்துக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்கவில்லை. குளத்துத் தண்ணீர் இப்படிச் சொல்கிறது, நிஜமா என்று கேட்டார். என்ன வகை மாத்திரை என்று குளம் சொல்கிறதா என்று சஞ்சித் கேட்டார். சென்னியப்பன் நாக்கு சொன்னதை எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து ரசாயனப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.  அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்துவது கேட்டது.

"ஆமாங்க மாமா" என்றார் சஞ்சித். "அது நான் சாப்பிடறதுதானுங்க."

ஒளிக்காமல் சொன்ன பையனின் மேல் சென்னியப்பனுக்கு ஒரு நிமிஷம் மரியாதை வந்தது. அடுத்த நிமிஷம், தம்பி தப்பாக நினைக்க வேண்டாம், என் பெண்ணை இதில் தள்ள முடியாது, இத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இரண்டே நிமிஷத்தில் கல்யாணம் நின்றது.

மத்தியானம் சாப்பாட்டின்போதுதான் வீட்டில் சொன்னார். அவசரப்படாமல், ரசத்துக்குச் சாதம் பிசைந்துகொண்டே, நாக்கு கண்டுபிடித்தது முதல் பையன் ஒத்துக்கொண்டது வரைக்கும் வரிசையாகச் சொன்னார். நல்லவேளை, சாமி காப்பாற்றியது என்று முடித்தார். சாந்தாமணி கரண்டியைக் கீழே வைத்தாள். மிருதுளாவின் கை சாதத்திலேயே நின்றுவிட்டது.

"அவர் சாப்பிடறதா அவரே சொன்னாருங்களா?"

"அவன் வாயாலயே சொன்னான் கண்ணு."

"பொய் சொல்லியிருக்காருப்பா" என்றாள் மிருதுளா. "அது என்னோட மாத்திரை. ரெண்டு வருசமா நான்தான் சாப்பிடறேன். அது அவருக்கும் தெரியும்."

சென்னியப்பன் முதலில் சிரித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவும் மகளும் புடவை எடுக்கப் போகிறோம் என்று கிளம்பிய நாட்களெல்லாம் டாக்டரிடம் போன நாட்கள். தினமும் நீந்தச் சொன்னதும் அந்த டாக்டர்தான்.

தனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சாந்தாமணியே பதில் சொன்னாள்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? இருங்க, நான் பாத்துக்கறேன்னு இவளைப் பிரிச்சு மேய உக்காந்திருப்பீங்க. அந்த வாஷிங் மெசினுக்கு வாய் இருந்தா அது சொல்லும்."

அவர் எழுந்து கை கழுவாமல் பம்பு அறைக்குப் போனார். தப்பு தன்னுடையது என்பது புத்திக்கு எட்டிவிட்டாலும், திட்டுவதற்கு வேறு யாராவது வேண்டியிருந்தது. பையன் மேல் ஏன் பழியைப் போட்டாய் என்று நாக்கைக் கேட்டார்.

"நீங்க சொன்னபடிதானுங்க செஞ்சேன்" என்றது நாக்கு. "வீட்டு ஆளுங்க மூணு பேரும் சுத்தம்னு எழுதியிருந்தீங்க. மாத்திரை இருந்ததுங்க, யாரோ ஒருத்தர் போட்டிருக்கணுமுங்க. மிச்சம் இருந்தது அவர் ஒருத்தருதானுங்க."

முப்பது வருடம் மெஷின்களோடு மல்லுக்கட்டியவருக்கு மெஷின் மேல் தப்பில்லை என்று தெரிந்த முதல் நாள் அது. இத்தனை நாளும் தன் மகள் ஒவ்வொரு காலையிலும் அந்தத் தண்ணீரில் தன் கஷ்டத்தைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் காரத்தன்மை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று பம்பு அறையில் அவர் அழுதார். அவர் அழுது சாந்தாமணி பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. வாசலில் நின்று காத்திருந்துவிட்டு, கார் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கோபிக்குப் போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று சென்னியப்பன் ஒத்திகை பார்த்தார். உள்ளதைச் சொன்னால், குறை பெண்ணிடம் என்று தெரிந்து பையனைப் பெற்றவர்கள் ஒதுங்கிவிடலாம். சொல்லாவிட்டால், அந்தப் பையன் சுமக்க வேண்டாத பழியைச் சுமந்துகொண்டு நிற்பான். காலில் விழச் சொன்னாலும் விழுவது என்று முடிவு செய்துகொண்டார். மிருதுளா பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். நான் வரவில்லை என்றுதான் முதலில் சொன்னாள், பிறகு அவளாகவே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

போய்ச் சேர்ந்தபோது சஞ்சித் வீட்டு வாசலில் கார் கதவு திறந்து கிடந்தது. ரேணுகாதேவி பட்டுப்புடவையில் நின்றுகொண்டு, பழமும் பூவும் அடுக்கிய தட்டை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். பையனுக்கு அதற்குள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள் என்று சென்னியப்பன் முடிவுகட்டிவிட்டார். ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. திண்டாடித் தடுமாறி எல்லாவற்றையும் வாசலிலேயே கொட்டினார்: குளத்தில் இறக்கியது விருந்துக்காக இல்லை, விசாரிக்கத்தான். மாத்திரை பையனுடையது இல்லை, தன் பெண்ணுடையது. மெஷினுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தவன் தான்தான். பையன் அவளைக் காப்பாற்றத்தான் பொய் சொல்லியிருக்கிறான்.

ரேணுகாதேவி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். மிருதுளாவைத் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்.

"பொண்ணு எங்ககிட்ட முதல் நாளே சொல்லிருச்சுங்கண்ணா" என்றார். "எங்க வீட்டுலயும் எல்லாரும் ஏதாவது ஒரு மாத்திரை சாப்பிடறவங்கதானுங்க. அது எங்களுக்குப் பெரிசாப் படலீங்க."

அப்படியானால் தட்டு எங்கே கிளம்பியது என்று சென்னியப்பன் கேட்கவில்லை. அவர் கண் அந்தப் பக்கம் போனதைப் பார்த்து அந்தம்மாவே சொன்னார்.

"உங்க வீட்டுக்குத்தானுங்க கிளம்பிட்டிருந்தோம். மாத்திரைன்னு சொன்னதும் நீங்க ரெண்டு நிமிசத்துல வேண்டாம்னுட்டீங்கன்னு இவன் வந்து சொன்னான். எனக்கு அதுல இருந்து சோறு இறங்கலீங்க. அடுத்த வீட்டுப் பையனுக்கே இப்படின்னா, சொந்தப் பொண்ணுதான்னு தெரியற அன்னிக்கு அந்தப் புள்ளை என்ன பாடு படும்னு இருந்துச்சு." அவர் மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ள வேண்டாம், வைகாசிலயே வச்சுக்கலாம்னு கேக்கத்தான் வந்துட்டிருந்தோம். இன்னும் அஞ்சு மாசம் இவளை அங்க விட்டு வைக்க எனக்கு மனசு வரலீங்கண்ணா."

தன் வீட்டைப் பற்றி, தன் முகத்துக்கு நேராக, இவ்வளவு மரியாதையாக ஒருவர் இப்படிச் சொல்லி சென்னியப்பன் கேட்டதில்லை. கோபித்துக்கொண்டு எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மகளைப் பார்த்தார். அவள் மறுத்து ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள், கையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை.

சென்னியப்பன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வைகாசில முதல் முகூர்த்தம் எப்பங்க அம்மணி வருது?" என்று கேட்டார்.